கைப்பிடிச் சுவர் யாருடைய வேலை

சிரோக்கோ அடிக்கும் நாளில் பலேர்மோவில் ஒருவரும் போர்வை துவைத்துக் காயப்போடுவதில்லை. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று செந்தூசியையும் அள்ளிக்கொண்டு வந்து ஈரத்துணியில் அப்பிவிடும். இது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் கிழமையில் ஒருநாள்தான் அவருக்கு லீவு. மற்ற ஆறு நாளும் சிஞ்ஞோரா எனப்படும் இத்தாலிய வீட்டம்மாமாரின் வீடுகளில் அவர்களின் போர்வைகளைத் துவைக்கிறார். லீவு நாளில் சிரோக்கோ அடித்தால் சிரோக்கோவோடுதான் துவைக்க வேண்டும்.

அன்று நான் குசினி மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குசினியின் பின்கதவைத் திறந்தால் மொட்டைமாடி. அம்மா இரட்டைக் கட்டில் போர்வையை உதறி விரித்ததும் காற்று அதைக் கப்பல் பாய் போலப் பிடித்துக்கொண்டது. அம்மா கையை விடவில்லை. ஈரப் போர்வை அவரை இழுத்தது. அவரின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவின் மகளையும் சேர்த்து இழுத்தது. ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடி வைக்க அங்கே இடம் இல்லை. முற்றத்துப் பக்கம் எங்கள் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கணுக்கால் உயரத்துக்கு ஒரு கல் வரிசை, அதற்கப்பால் நான்கு மாடிப் பள்ளம்.

அம்மா சட்டென்று குந்திவிட்டார். அதனால்தான் இரண்டு பேரும் இன்றைக்கு இருக்கிறார்கள். போர்வை கையைவிட்டுப் போய்க் கீழே யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது.

பிள்ளைக்கு நான்கு வயது. "மாமா, வோலா, வோலா," என்று கை தட்டினாள். போர்வை பறக்கிறதாம்.

அம்மா சிரித்தார். மற்றவர்களுக்கு முன்னால் கால் தடக்கியவர் வெட்கத்தில் சிரிப்பாரே, அப்படி. "போர்வை போட்டுது தம்பி. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா, தூசி பிடிக்க முன்னம்."

என் கோபம் அந்தச் சிரிப்பில் தொடங்கியது. நான் படியிறங்கிப் போய்ப் போர்வையை எடுத்தேன். இந்த விளிம்போடு நாங்கள் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

வீடு பழைய நகரத்தின் கால்சாப் பகுதியில் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தைத் திருத்திப் பூசி, வாசலில் எலுமிச்சை மரம் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் நின்று படம் எடுப்பார்கள். எங்கள் கட்டடம் படத்தில் வராமல் இருக்க கமராவைக் கொஞ்சம் சரிப்பார்கள். நாங்கள் குடிவந்தபோது மாடியின் விளிம்பில் பழைய இரும்புக் கம்பி வேலி இருந்த அடையாளம் மட்டும் இருந்தது, அறுத்த கம்பிக் கட்டைகள். துருப்பிடித்துவிட்டது, அறுத்துவிட்டேன், கோடைக்குப் பிறகு புதியது போடுவேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். எந்தக் கோடை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பா இரண்டு நீலத் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் இடையில் சிவப்பு நைலோன் கயிறு ஒன்றைக் கட்டினார். பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கியபோது இன்னொரு கயிற்றைக் கீழே கட்டினார். எங்களுடைய பாதுகாப்பு அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஆத்திரம் மூட்டுகிற விசயம் ஒன்று உண்டு. அப்பா ஒட்டு வேலை தெரிந்தவர். கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்துகிற கராச்சில் வெல்டராக இருந்தவர். இங்கே ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார், அது வேறு கதை. கையில் தொழில் இருக்கிற மனிதர் ஒன்பது வருடமாக விளிம்பில் கயிறு கட்டி வைத்திருக்கிறார். ஏனென்றால் இது எங்களுடைய வீடு இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி கிடையாது. பிள்ளையார் படம் தட்டில் சாய்ந்து நிற்கிறது. கலண்டர் குளிர்சாதனப் பெட்டியின் மேல் படுத்துக் கிடக்கிறது. இன்ன திகதி என்று பார்க்க அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகள் இங்கே இப்படித்தான். வாடகை வீட்டில் ஆணி அடிப்பது ஏதோ பிறத்தியாரின் உடம்பில் அடிப்பது போல.

போர்வை விழுந்த அடுத்த நாள் நான் வீட்டுக்காரரிடம் போனேன். அவர் கீழ்த்தளத்தில் மின்விளக்குக் கடை வைத்திருக்கிறார். அறுபது வயது இருக்கும், மரியாதையானவர், அதுதான் கரைச்சல். மரியாதையான ஆளோடு சண்டை பிடிப்பது கடினம்.

"அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று முதலில் கேட்டார்.

"ஆகவில்லை."

"பார்த்தாயா. உங்கள் ஆட்கள் கவனமானவர்கள். ஒன்பது வருடத்தில் ஒருவராவது விழுந்தீர்களா? உங்களுக்குப் பதிலாக மாணவர்களுக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் இரண்டு பேர் முற்றத்தில் கிடந்திருப்பார்கள்."

"விழுந்த பிறகுதான் வந்து சொல்ல வேண்டுமா?"

அவர் கோபிக்கவில்லை. லாச்சியைத் திறந்து எங்கள் ஒப்பந்தத்தை எடுத்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். வீட்டை அது இருக்கிற நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறோம் என்று அங்கே இருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து, தமிழில்.

அந்தத் தாளை எனக்குத் தெரியும். அப்பா அதில் கையெழுத்து வைத்த அன்று எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் குடும்பத்தில் இத்தாலியம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாடகை எவ்வளவு, எத்தனை வருடம் என்ற இரண்டு இடத்தையும் வாசித்துச் சொன்னேன். மிச்சம் நீளமாகவும் சிறிய எழுத்தாகவும் இருந்தது. "மற்றதெல்லாம் சும்மா எழுதுறது அப்பா, வையுங்கோ," என்றேன். அப்பா வைத்தார். அன்றைக்கு அக்காவிடம், தம்பி படிச்சுப் பாத்தாப் பிறகுதான் வைச்சனான் என்று பெருமையாகச் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

நான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். ஒரு வழக்குரைஞரைப் பிடித்துக் கடிதம் எழுதியிருக்கலாமே என்று வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். அங்கேதான் அக்காவின் கதை வருகிறது. அக்காவின் கணவர், என் அத்தான், கிளிநொச்சியில் இருக்கிறார். பிள்ளை தகப்பனைத் தொலைபேசியின் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அவரைக் கூப்பிடுவதற்கு, இந்த வீடு இத்தனை பேர் குடியிருக்கத் தகுந்தது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும். நான் வழக்குரைஞரிடம் போனால் வீட்டுக்காரர் கடிதம் தரமாட்டார். தந்தாலும், விளிம்பில்லாத மாடி உள்ள வீட்டைத் தகுந்த வீடு என்று யார் எழுதுவார்கள்? அதனால் வீட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். பிள்ளையின் தகப்பன் வரவேண்டும் என்பதற்காகப் பிள்ளை விழக்கூடிய இடத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பருவத்தில் நான் மதங்களின் சட்டம் என்று ஒரு விருப்பப் பாடம் எடுத்திருந்தேன். ஒவ்வொருவரும் ஒரு தலைப்பைத் தெரிவுசெய்து வாய்மொழித் தேர்வில் பேச வேண்டும். பட்டியலில், வீட்டை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது பற்றிய யூதச் சட்டம் என்று ஒரு வரி இருந்தது. அதைக் கண்டதும் என் பெயரைப் பதிந்தேன். அறிவுத் தாகம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரரின் முகத்தில் அடிக்க ஒரு தடி தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்தது.

அது நல்ல தடிதான். புது வீடு கட்டுகிறவன் கூரைக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், வைக்காமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல். யூதரின் வேதத்தில் இருப்பது இந்த ஒரு கட்டளைதான். அதைப் பிடித்துக்கொண்டு சட்ட அறிஞர்கள் வீடு முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஆடுகிற ஏணி வைத்திருக்காதே. கடிக்கிற நாய் வளர்க்காதே. கிணற்றை மூடு. ஆபத்து எனக்குத்தானே, உனக்கென்ன என்று ஒருவன் சொன்னால் அவனுக்குச் சவுக்கடி. இதை வாசித்தபோது ஏதோ ஒரு காலத்தில் யாரோ சிலர் என் அப்பாவோடு குடியிருந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

அப்பாவுக்கு வேலை இல்லாத திங்கட்கிழமை இரவு, எல்லோரும் சாப்பிட இருந்தபோது, நான் கதையைத் தொடங்கினேன்.

"யூதற்றை சட்டத்தை நீ ஏன் படிக்கிறாய்?" என்று அப்பா கேட்டார். "இத்தாலிச் சட்டம் முடிஞ்சுதே?"

"ஒரு விருப்பப் பாடம் அப்பா. எல்லா மதத்தின்ரை சட்டமும் இருக்கு."

"எங்கடையும் இருக்கோ?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "எங்கடை சட்டம் அப்பா வாயாலை சொல்லுறதுதானே. அதுக்கு ஏன் புத்தகம்."

நான் நாயையும் ஏணியையும் சொன்னேன்.

"கடிக்கிற நாய் வளக்கக் கூடாதாமோ?" என்றார் அக்கா. "அப்ப ரெண்டாம் மாடி மனிசியின்ரை நாய்?"

"அது நாயே?" என்றார் அம்மா. "அது எலி."

நான் சவுக்கடியைச் சொன்னேன். அம்மா அப்பாவின் பக்கம் திரும்பாமலே, "அப்ப இந்த வீட்டிலை முதல் அடி ஆருக்கெண்டு தெரியுது," என்றார்.

அப்பாவும் சிரித்தார். ஆனால் நான் மாடியை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பி, விழவேணுமெண்டு எழுதியிருந்தால் ஆள் படியிலையும் விழும், பஸ்ஸிலையும் விழும். சுவர் வைச்சு விதியை மறிக்கலாமே?"

"அதையும் அவை யோசிச்சிருக்கினம் அப்பா. அவன் விழத்தான் பிறந்தவனெண்டால் எங்கையும் போய் விழட்டும். உன்ரை வீட்டிலை இருந்து ஏன் விழவேணும் எண்டு கேக்கினம்."

"நல்லாத்தான் கதைக்கினம்," என்றுவிட்டு அப்பா பருப்பை இழுத்து ஊற்றினார். "அப்ப உந்தச் சுவரை ஆர் வைக்கவேணுமாம்?"

"வீட்டுக்காரன்தான். வேறை ஆர்?"

இதைச் சொன்னபோது நான் பாடப் பிரதியின் கடைசி மூன்று பக்கங்களை வாசித்திருக்கவில்லை. கட்டுகிறவனுக்குத்தானே கட்டளை, வேறென்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் சம்மதக் கடிதத்தைத் தந்தார். வீட்டை அளந்து அறிக்கை எழுதுகிற ஆளை இங்கே ஜெயோமெத்ரா என்பார்கள். அப்படி ஒருவர் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடாகியது. புதன்கிழமை பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் அக்காவும் சாமித்தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். படங்கள், குத்துவிளக்கு, திருநீற்றுக் கிண்ணம் எல்லாவற்றோடும் அது குசினியின் பின்கதவை மறைத்துக்கொண்டு நின்றது. கதவின் மேற்பகுதிக்கு அம்மாவின் பட்டுச்சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஆணி அடிக்காமல், கதவுச் சட்டத்தில் துணி கௌவுகிற கிளிப்புகளால்.

"என்ன இது?"

"பிள்ளையாரைக் காவலுக்கு விட்டிருக்கிறம்," என்றார் அக்கா. "வாசல் காவல் அவருக்குப் பழகின வேலைதானே."

"தலை போனதும் அந்தக் காவலிலைதான் அக்கா."

அவரின் முகம் மாறியது. "நீ வெள்ளிக்கிழமை வாய் திறக்காதை. சொல்லிப்போட்டன்."

"பிள்ளை உதாலை விழுந்தால் அத்தான் வந்து ஆரைப் பாக்கிறது?"

"டேய்." அக்கா என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. கையில் இருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியே? வேலையிலை நிக்கேக்கை எத்தினை தரம் வீட்டுக்குப் போன் அடிச்சு, கதவு பூட்டோ, கதவு பூட்டோ எண்டு கேக்கிறன். நீ படிச்சனி, உனக்குக் கோவம் வருது. எனக்குக் கோவிக்க நேரம் இல்லை."

நான் திரும்பி அப்பாவின் மேல் பாய்ந்தேன். "உங்கடை கை வெல்டிங் கை. ஒரு நாள் வேலை. ஒன்பது வரியமாக் கயிறு கட்டி வைச்சிருக்கிறியள்."

"ஆற்றை வீட்டிலை?" என்றார் அப்பா.

"நாங்கள் இருக்கிற வீட்டிலை."

"மூண்டு வீட்டுக்குக் கம்பி அடிச்சனான், என்ரை சொந்தக் காணியிலை. ஒண்டும் இப்ப இல்லை. இனி ஆற்றையோ வீட்டிலை அடிக்கட்டாம்." அவர் சத்தம் போடவில்லை. திருநீற்றுக் கிண்ணத்தை நேராக வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை எனக்குத் தேர்வு. விரிவுரையாளர் மூக்கில் கண்ணாடி வழுக்க வழுக்கக் கேள்வி கேட்கிற பெண். வெளியே இன்னும் பதினைந்து பேர் நின்றார்கள். நான் நன்றாகப் பேசினேன். கட்டளை, ஏணி, நாய், கிணறு, சவுக்கடி எல்லாம் வந்தது. குடியிருக்கிற இடத்துக்குத்தான் இந்தச் சட்டம், வைக்கோல் போடுகிற கொட்டிலுக்குச் சுவர் தேவையில்லை என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். பிறகு கேட்டார்: "வீடு வாடகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடிச் சுவர் யாருடைய வேலை?"

"சொந்தக்காரருடையது," என்றேன். தேவைக்கு மேலான சத்தத்தில் சொன்னேன்.

"இல்லை." அவர் என் முன்னால் கிடந்த பிரதியையே திருப்பிக் கடைசிப் பக்கங்களைக் காட்டினார். கதவு, தாழ்ப்பாள், பூட்டு போன்றவை வீடு கொடுக்கிறவன் செய்ய வேண்டியவை. ஏணியும் கைப்பிடிச் சுவரும் குடியிருக்கிறவனின் பொறுப்பு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது. நான் வாசிக்காமல் விட்ட பக்கம். வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

"இது அநியாயம்," என்றேன். "வீடு அவனுடையது. வருமானம் அவனுக்கு. குடியிருக்கிறவன் வழியில்லாமல் வந்தவன். அவனுடைய தலையிலா கட்டுவது?"

"அநியாயமா என்பது வேறு கேள்வி. நான் கேட்டது யாருடைய வேலை என்று."

"இத்தாலியச் சட்டத்தில் இப்படி இல்லை."

"இல்லைதான். அதைப் பிறகு நீதிமன்றத்தில் சொல்லுங்கள்." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "சிந்தித்துப் பாருங்கள். விளிம்புக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் நிற்பவன் யார்? சொந்தக்காரன் வேறு ஊரில் இருக்கலாம்." புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புள்ளி மோசமில்லை. ஆனால் நான் வீடு போய்ச் சேரும் வரைக்கும் மனதுக்குள் அந்தப் பெண்ணோடு சண்டை பிடித்துக்கொண்டே நடந்தேன். வுச்சீரியாச் சந்தையில் மீன் பெட்டி கழுவிய தண்ணீரில் காலை வைத்துச் சப்பாத்து நனைந்ததும் தெரியவில்லை. அந்தச் சட்டம் ஏழைக்கு விரோதமானது என்று இப்போதும் நினைக்கிறேன். வீட்டுக்காரரை அது சும்மா விட்டுவிடுகிறது. ஆனால் சண்டையில் நான் ஒரு இடத்தில் தோற்றுக்கொண்டே இருந்தேன். அன்றைக்குப் போர்வை இழுத்த அந்த இரண்டு அடியில், வீட்டுக்காரர் கடையில் விளக்கு விற்றுக்கொண்டிருந்தார். குசினி மேசையில் இருந்தது நான். சட்டம் படிக்கிற நான். ஒன்பது வருடமாக அந்தக் கயிற்றில் என் சட்டையைக் காயப்போட்டவன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயோமெத்ரா வந்தார். இளம் ஆள், நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கினார். அம்மா அன்று வேலைக்குப் போகாமல் நின்று, விளக்கு ஏற்றி ஊதுபத்தியும் கொளுத்தியிருந்தார். சமையலறையில் சாமி வைத்த வீடு அவருக்குப் புதினம் போல, மரியாதையாகத் தலையைக் குனிந்தார். லேசர்க் கருவியால் அறைகளை அளந்தார். யன்னல்களை எண்ணினார். கழிப்பறையில் தண்ணீரைத் திறந்து பார்த்தார். அப்பா கோப்பி போட்டுக் கொடுத்தார். எல்லாம் முடிகிற நேரம் அவர் கேட்டார்: "உடுப்பு எங்கே காயப்போடுகிறீர்கள்? பல்கனி இல்லையே."

அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. பிள்ளை அக்காவின் இடுப்பில் இருந்தாள்.

அப்பா, "லவாந்தெரியா," என்றார். ஐந்து பேரின் உடுப்பையும் கடையில் கொடுத்துத் துவைக்கிறோமாம். பாத்திரம் கழுவுகிற மனிதர் சொல்கிறார்.

நான் சாமித்தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். குத்துவிளக்கு ஆடியது. அம்மா பாய்ந்து வந்து அதைப் பிடித்தார். நான் சேலையை விலக்கிக் கதவைத் திறந்து, "இங்கேதான்," என்றேன். "நீங்கள் வந்து பார்க்க வேண்டும். இதையும் எழுத வேண்டும்."

அவர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். இரண்டு தாங்கி, இரண்டு சிவப்புக் கயிறு, அதற்கப்பால் வெறும் வானம். "மாதொன்னா," என்று மெல்ல மாதாவைக் கூப்பிட்டார். பிறகு தன் தாளைப் பார்த்தார். "மொட்டைமாடி இந்த அறிக்கையில் வராது."

"என்ன?"

"நான் எழுதுவது குடியிருக்கிற இடம். பரப்பு, உயரம், வெளிச்சம், ஈரம், கழிப்பறை. மாடியைச் சேர்த்து அளப்பதில்லை. உங்கள் வீடு சரி. ஆறு பேருக்குப் போதும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மனிதனாகச் சொல்கிறேன், அங்கே பிள்ளையை விடாதீர்கள்," என்றார். கோப்பியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிப் போனார்.

அக்கா கதிரையில் இருந்து அழுதார். சான்றிதழ் கிடைக்கப்போகிறது, அத்தான் வரலாம். அது சந்தோச அழுகைதான், ஆனால் கொஞ்ச நேரத்தில் அது வேறாக மாறியது. "உதுக்கே இவ்வளவு நாளும் பயந்து செத்தனாங்கள்?" என்று கேட்டார், எங்கள் ஒருவரையும் பார்க்காமல்.

எனக்கு அந்த மனிதரைத் துரத்திக்கொண்டு படியிறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. எதற்கு என்று தெரியாது. அவர் தன் வேலையைச் செய்தார். நாங்கள் எந்தக் கண்ணுக்குப் பயந்து பிள்ளையாரை இழுத்து ஒளித்தோமோ, அந்தக் கண்ணுக்கு அந்த விளிம்பு ஒரு பொருட்டே இல்லை. அதை மறிக்கவும் ஆளில்லை, மன்னிக்கவும் ஆளில்லை. அங்கே இருப்பது நாங்கள் மட்டும்தான்.

அப்பா திறந்த கதவால் மாடிக்குப் போனார். குந்தி இருந்து, அறுத்துவிட்ட பழைய கம்பிக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நானும் போனேன்.

"உன்ரை பாடத்திலை ஆர் செய்யவேணும் எண்டு கிடந்தது? நீ சொன்னது பிழைதானே," என்றார். தேர்வு விசயத்தை நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. என் முகத்தில் வாசித்திருப்பார்.

"ஓம் அப்பா. குடியிருக்கிற ஆள்தானாம்."

"உயரம் எவ்வளவாம்?"

"நாலு விரல் அகலத்திலை பத்துத் தரம். ஒரு ஆள் சாய்ஞ்சாலும் தாங்கவேணும்."

அவர் தன் கையைக் கல்லின் மேல் வைத்து, கைக்கு மேல் கை வைத்து அளந்தார். பத்தாவது கையில் அவரின் இடுப்புக்குக் கீழே நின்றது. "காணாது," என்றார். "உந்தக் காத்துக்கு நெஞ்சளவு வேணும்."

பிரான்காச்சோவில் ஒரு இரும்புப் பட்டறையில் அவருக்குத் தெரிந்த எங்கள் ஆள் ஒருவர் வேலை செய்கிறார். சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். அந்த ஆள்தான் மிச்சக் கம்பிகளைத் தந்து, தன் மூன்று சில்லு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தும் விட்டார். ஒட்டுகிற இயந்திரத்தை இரண்டு நாளுக்கு இரவல் தந்தார். நான்கு மாடியும் நான்தான் சுமந்தேன். அப்பா உணவகத்துக்குத் தொலைபேசி அடித்து, சுகமில்லை என்று பொய் சொன்னார். அவர் வேலைக்குப் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்லில் முதல் துளை போட்டபோது அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் முழு உடம்பையும் சாய்த்துத் துளையிட்டார். தூசி அவரின் புருவம் முழுக்கப் படிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். முற்றத்தில் சத்தம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கதவில் நின்று பார்த்தார். அரைவாசிக் கம்பி வேலி எழுந்து நின்றது. அவர் மரியாதை போய்விட்டது.

"யார் அனுமதி தந்தது? இது பழைய நகரம், கட்டடத்தின் தோற்றத்தை மாற்றக் கூடாது. எனக்குத்தான் அபராதம் வரும். கழற்று."

நான் காத்திருந்த நேரம் அதுதான். கட்டளை, இரத்தப்பழி, இத்தாலியச் சட்டத்தின் பிரிவுகள் எல்லாம் வாயில் வந்து நின்றன. சொல்லத் தொடங்கினேன். நன்றாகவும் சொன்னேன். நீங்கள் ஒன்பது கோடையை விழுங்கிவிட்டீர்கள் என்றேன். என் குரல் முற்றம் முழுக்கக் கேட்டிருக்கும், யன்னல்கள் திறந்தன. வீட்டுக்காரர் என்னை முடிக்கவிட்டார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "ஒப்பந்தம் சித்திரையில் முடிகிறது. இதைக் கழற்றாவிட்டால் புதுப்பிக்க மாட்டேன்," என்றார்.

அப்பாவுக்கு அவ்வளவு இத்தாலியம் புரியும். முகமூடியை நெற்றிக்குத் தூக்கினார். ஒன்பது வருடமாக அந்த மனிதரைக் கண்டால் படியில் ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னவர்.

"அப்ரீலே, வா பெனே," என்றார். சித்திரை என்றால் சித்திரை. "இப்ப, பிள்ளை இருக்கு." கடைசி வார்த்தைகள் தமிழில் வந்தன. திரும்பி முகமூடியை இறக்கி, பொறி பறக்க வேலையைத் தொடர்ந்தார். வீட்டுக்காரர் பொறிக்குப் பயந்து பின்வாங்கினார். படியில் அவர் செருப்புச் சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

சித்திரைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அத்தானின் விசா அதற்குள் வருமா, நாங்கள் எந்த வீட்டில் இருப்போம், அந்தச் சான்றிதழ் வேறு வீட்டுக்குச் செல்லாது என்பதால் எல்லாம் திரும்ப முதலில் இருந்தா, ஒன்றும் தெரியாது. அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "நீ கத்தினது கூடிப்போச்சு. ஆனால் கழட்டினால் உன்னைக் கொல்லுவன்," என்றார். எனக்கு வீட்டுக்காரர் மேல் இருக்கிற கோபம் குறையவில்லை. அது குறையத் தேவையில்லை என்றும் நினைக்கிறேன். அவர் செய்ய வேண்டியதை நாங்கள் செய்தோம். செய்ததற்காக எங்களை வெளியே போடுவேன் என்கிறார். இதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் நல்ல பெயர் இருக்க முடியாது.

அன்று ஞாயிறு பின்னேரம் வேலி முடிந்ததும் அப்பா அதில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தார். கால்களை முன்னே நீட்டி முழுப் பாரத்தையும் கொடுத்தார். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு கதவில் நின்றார். வேலி அசையவில்லை. என்னையும் சாயச் சொன்னார். நானும் சாய்ந்தேன்.

அதற்குள் பிள்ளை ஓடிவந்து இரண்டு கம்பிகளுக்கு நடுவில் முகத்தைக் கொடுத்துக் கீழே முற்றத்தைப் பார்த்தாள். ரெண்டாம் மாடி மனிசியின் நாயைக் கண்டுவிட்டு அதைப் போலவே குரைத்தாள். அப்பா மெல்ல அவள் நெற்றியில் கையை வைத்துப் பின்னுக்கு எடுத்தார். தன் உள்ளங்கையை அவள் தலையின் ஒரு காதிலிருந்து மறு காதுவரை வைத்துப் பார்த்தார். அதே கையைக் கொண்டுபோய்க் கம்பிகளுக்கு இடையில் வைத்தார்.

"இடை கூடிப்போச்சு," என்றார். "தலை போகும். இன்னும் பதினொரு கம்பி வேணும். நாளைக்குப் பட்டறைக்காரனுக்குப் போன் அடிச்சுச் சொல்லு."

நான் பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். திறப்பைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்காரரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடினேன்.